ரூபி கையில் சிவப்புப் பொட்டு

கண்ணைத் திறக்காதீங்க மேடம், வெள்ளரிக்காய் வழுக்கி விழுந்துரும். பேசவும் கூடாது. முகத்துல போட்ட பேக் காயறதுக்குள்ள வாயை அசைச்சீங்கன்னா கன்னம் பூரா கோடு விழுந்துரும். அப்புறம் கோமளா பார்லருக்குப் போய் பத்து வயசு கூட்டிக்கிட்டு வந்தேன்னு ஆபீஸ் பூரா சொல்வீங்க. நீங்க சும்மா படுத்திருங்க. பேசறதை நான் பாத்துக்கறேன். எனக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்லை.

பின்னாடி சத்தம் கேக்குதா? பாத்திரம் உருளுது, யாரோ சிரிக்கறாங்க. அது எங்க அம்மா வீடுதான். இந்த முன் ரூம் மட்டும் பார்லர். விசேஷமான்னு கேக்கறீங்களா? பெருசா ஒண்ணுமில்லை. என் தம்பி பொண்டாட்டிக்குத் தாலி பிரிச்சுக் கோக்கறாங்க. கல்யாணத்துல மஞ்சக்கயித்துல கட்டினதை மூணாம் மாசம் தங்கச் சங்கிலிக்கு மாத்துவாங்கல்ல, அதுதான். கூடப்பொறந்த தம்பி. ஒரே தம்பி.

அப்புறம் நீ ஏன்டி இங்க நிக்கறேன்னு புருவத்துல கேக்கறீங்க பாருங்க. புருவத்தையும் அசைக்கக் கூடாது மேடம். என்னை யாரும் கூப்பிடல, அதான் போகல. கூப்பிட்டாப் போவேன். கூப்பிடலேன்னா கஸ்டமர் இருக்காங்க, வேலையைப் பாத்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. கோவம் இருந்தா இப்படிச் சிரிச்சுப் பேசிட்டு இருப்பேனா?

எங்க தம்பி பார்த்திபன் பெங்களூர்ல இருக்கான். காருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்காமே, அதுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கறதுதான் இவன் வேலை. நம்ப மாட்டீங்க, இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. விரல் நகம் அளவு சில்லுக்குள்ள நாலு மூளையாம். பிரேக் பாக்கணும், இன்ஜின் சூடு பாக்கணும், மழை பெஞ்சா கண்ணாடி துடைக்கணும், பாட்டுப் போடணும். எந்த வேலையை எந்த மூளை எப்போ செய்யணும்னு இவன் உக்காந்து எழுதறான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அந்தஸ்து வச்சிருக்கான். பாட்டுப் போட்டுக்கிட்டு இருக்கும்போது பிரேக் கூப்பிட்டா, பாட்டை அப்படியே போட்டுட்டு ஓடணும். எந்த மூளை சும்மா இருக்கோ அது ஓடணும். எல்லா மூளையும் வேலையா இருந்தா, இருக்கறதுலேயே அந்தஸ்து கம்மியான வேலையை எவன் பாக்கறானோ அவன் ஓடணும்.

"அக்கா, மத்த வேலையெல்லாம் தப்பாச் செஞ்சாத்தான் தப்பு. எங்க வேலை சரியாச் செஞ்சாலும் நேரம் தாண்டினா தப்புதான்"னு சொல்வான். பிரேக் அருமையாப் பிடிச்சுது, ஆனா லாரியில மோதினதுக்கு அப்புறம் பிடிச்சுதுன்னா யாருக்கு என்ன பிரயோஜனம்? டேய், இதுக்காடா உன்னை இஞ்சினியரிங் படிக்க வச்சேன், இதைத்தானே நான் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பண்றேன்னு கேப்பேன். சிரிப்பான்.

படிக்க வச்சது நான்தான். சொல்லிக் காட்டறதுக்காகச் சொல்லல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அப்பா போனப்போ அவன் எட்டாங்கிளாஸ். அப்போ ஆரம்பிச்சதுதான் இந்தப் பார்லர். ஊர்ல எத்தனை பொண்ணுங்களை மணமேடைக்கு அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்கேன்! ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஓரமா நின்னு ஒண்ணே ஒண்ணைத்தான் பாப்பேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுவான், மிச்ச ரெண்டு முடிச்சை அவனோட அக்காவோ தங்கச்சியோ பின்னாடி நின்னு போடுவா. நாத்தனார் முடிச்சு. பாத்திருப்பீங்க. கெட்டிமேளம் கொட்டும், அட்சதை விழும், அவ குனிஞ்சு அந்த முடிச்சை இறுக்குவா. ஒருநாள் பார்த்திக்கு நான் போடுவேன்னு நினைச்சுக்குவேன். வேற எந்த ஆசையும் பெருசா எனக்கு இருந்ததில்லை மேடம்.

யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு. இல்லை, கொடியில துணி ஆடுது.

சரி, கல்யாணத்துக்கு வரேன். பொண்ணு பேரு மீனலோசனி. பழனிப் பக்கம். நல்ல பொண்ணுதான், ஆனா பேசாது. மகா அமைதி. இப்பவும் அப்படித்தான், போன் பண்ணினா "நல்லா இருக்கீங்களா அண்ணி, சாப்டீங்களா அண்ணி", அவ்வளவுதான். மிச்ச அரை மணி நேரமும் நான்தான் பேசறேன். நடுவுல அவளா ஒரு வார்த்தை பேசினா என்ன? எனக்கு முகம் குடுக்க மாட்டேங்கறா.

என் தம்பி பொண்டாட்டி தலையில வேற பார்லர்க்காரி கை வைக்கறதாவது! நானே பண்றேன்னுட்டேன். நான், ரூபி, தனம், மூணு பேரு. ரூபி என்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கா, வெவரம் தெரிஞ்ச பொண்ணு. தனத்துக்கு மேக்கப் கை நல்லா வரும். ஏழரை மணி முகூர்த்தம். பொண்ணுக்குப் பண்ணணும், பொண்ணோட அம்மாவுக்குப் பண்ணணும், மாப்பிள்ளையோட அக்கா நான் இருக்கேன், அத்தைமாருங்க, சித்திமாருங்க, அதுக்கப்புறம் தட்டுத் தூக்கற வாண்டு ஒண்ணு, எங்க பெரியம்மா பேத்தி இனியா. அதுக்கும் தலை சுருட்டி விடணுமாம்.

பார்த்தி என்ன பண்ணினான் தெரியுமா? கல்யாண மாப்பிள்ளை, மொகத்துக்குப் பயத்தமாவு பூசிக்கிட்டு உக்காராம, என் கடைக்கு வந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தான். "அக்கா, மூணு கை, பத்து வேலை. உன் இஷ்டத்துக்கு விட்டா பொண்ணு மதியச் சாப்பாட்டுக்குத்தான் மேடைக்கு வரும். நான் ஒழுங்குபண்ணித் தரேன்"ன்னான். கல்யாணத்தன்னிக்கு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பொட்டு. பொண்ணுக்குச் சிவப்பு. பொண்ணோட அம்மாவுக்கும் எனக்கும் பச்சை. அத்தைமாருங்களுக்கு நீலம். வாண்டுக்கு மஞ்சள். ரூபி, தனம், இவங்களுக்குச் சொந்தமா பொட்டே கிடையாது. யாருக்கு வேலை செய்யறாங்களோ அந்தப் பொட்டுத்தான் அவங்களோடது. பெரிய பொட்டு கூப்பிட்டா சின்னப் பொட்டை விட்டுட்டு ஓடணும். புரியுதா? புரிஞ்சுதுன்னா தலையை ஆட்டாதீங்க.

எனக்கு ஏன்டா பச்சை, நான் மாப்பிள்ளைக்கு அக்கான்னு கேட்டேன். "தாலி கட்டிக்கப் போறது நீயா அவளா?"ங்கறான். வாயைப் பாருங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பொட்டு செல்லாதுன்னான். முடி சுருட்டற மெஷின். சூடா இருக்கறதைப் பாதியில பிடுங்கினா கையைச் சுட்டுக்கும், பாதித் தலை சுருளும் பாதித் தலை குச்சியுமா நிக்கும். அதனால யாரு எடுத்தாங்களோ அவங்க முடிச்சுட்டுத்தான் தரணும். "ரெண்டு மெஷின் எடுத்துக்க அக்கா"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். இன்னொண்ணுக்கு வயர் கருகிப் போய்க் கிடந்துச்சு. போடா, ஒரே மெஷினை வச்சு இந்த ஊரையே சுருட்டினவ நான்னு சொல்லிட்டேன். அதுல என்ன தப்பு?

அன்னிக்குக் காலையில மணப்பொண்ணு ரூம்ல எல்லாம் ஜோராத்தான் போச்சு. தனம் லோசனிக்கு முகத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தா. அந்நேரம் மெஷின் சும்மாத்தானே கிடக்குன்னு ரூபி அதை எடுத்து வாண்டுக்கு ஒரு பக்கம் சுருட்ட ஆரம்பிச்சா. சரியான வேலைதான், சும்மா கிடக்கறதை எடுத்தா. நான் சேலை கட்டிக்கிட்டு இருந்தேன். புதுப் பட்டு, மொடமொடன்னு நிக்குது, கொசுவம் பிடிச்சா விரிஞ்சுக்குது. "ரூபி, ஒரு நிமிஷம் வாடி"ன்னேன். நான் பச்சை, வாண்டு மஞ்சள். ரூல்படி ரூபி வந்தா. மெஷினை வாண்டு பக்கத்துலயே வச்சுட்டு, "தொடாதே, அசையாதே"ன்னு சொல்லிட்டு வந்தா. அது பாதி சுருள் தலையோட சிலை மாதிரி உக்காந்திருக்கு.

இதுக்குள்ள லோசனிக்கு மேக்கப் முடிஞ்சுபோச்சு. முன்முடி சுருட்டணும், அப்புறம்தான் ஜடை, அப்புறம்தான் பூ, நெத்திச்சுட்டி. மெஷின் வேணும். வாண்டு தலை முடிஞ்சாத்தான் மெஷின். ரூபி போனாத்தான் வாண்டு தலை முடியும். ரூபி போனா. ரெண்டு சுருள் சுத்தியிருப்பா, எனக்கு ஜாக்கெட் கொக்கி தெறிச்சுப் போச்சு. "ரூபி!" வந்து தெச்சுக் குடுத்தா. மறுபடி போனா. பொண்ணோட அம்மா மல்லிகைச்சரத்துக்கு ஊசி கேட்டாங்க. அதுக்கும் போனா. அப்புறம் எனக்குக் காதுல மாட்டல் நிக்கல. அப்புறம் கொசுவம் மறுபடி சரிஞ்சுது. நான் என்ன பண்ணுவேன், பட்டு அப்படி.

இங்கதான் மேடம் நீங்க நியாயம் சொல்லணும். நான் மணப்பொண்ணு வேலையை ஒரு நொடி நிறுத்தினேனா? தனத்தை நான் கூப்பிட்டேனா? கூப்பிடவே இல்லை. தனம் சீப்பைக் கையில வச்சுக்கிட்டு லோசனி பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா. நான் நிறுத்தினது ஒரு சின்னப்பிள்ளையோட வேலையை. அதுவும் ரூல்படி. லோசனி கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா?

வெளியே நாயனக்காரர் ஆரம்பிச்சுட்டார். "பொண்ணு ரெடியா, பொண்ணு ரெடியா"ன்னு ஆள் மாத்தி ஆள் வந்து கதவைத் தட்டறாங்க. அப்புறம் பாத்தா, கதவுகிட்ட பார்த்தியே நிக்கறான். பட்டுவேட்டி, கழுத்துல மாலை. தாலி கட்டறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை பொண்ணு ரூமுக்கு வருவானா? எங்க பெரியம்மா வாயில கை வச்சுட்டாங்க. அவன் உள்ளே வரல. வாசல்ல நின்னே ரூமை ஒரு சுத்துப் பாத்தான். தனம் சும்மா நிக்கறா. லோசனி காத்திருக்கா. வாண்டு அழுவுது. ரூபி என் கால்கிட்ட உக்காந்து கொசுவத்தை இழுத்துக்கிட்டு இருக்கா.

"ரூபி, இங்க வாங்க"ன்னான். லோசனி கையிலேர்ந்த சிவப்புப் பொட்டு மாதிரி இன்னொண்ணு எடுத்து ரூபி புறங்கையில ஒட்டினான். "அந்தக் குழந்தையை முடிக்கற வரைக்கும் நீங்கதான் மணப்பொண்ணு. இந்த ரூம்ல யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. எங்க அக்கா கூப்பிட்டாலும்"னான்.

எல்லார் முன்னாடியும் சொன்னான் மேடம். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், அதுக்கப்புறம் வேலை பறந்துச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வாண்டு தலை முடிஞ்சுபோச்சு. மெஷின் கை மாறுச்சு. தனம் ஒரு பக்கம், ரூபி ஒரு பக்கம், ரெண்டு பேரும் சேர்ந்து லோசனிக்கு முன்முடி சுருட்டி, ஜடை பின்னி, பூ வச்சு, மகாலட்சுமி மாதிரி எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. அழைச்சுட்டும் போயிட்டாங்க. ரூம் காலி.

நான் இருக்கேன். வாயில ரெண்டு ஊக்கு, கையில அவுந்த கொசுவம். இதோ வந்துட்டேன், ஒரே மடிப்பு, ஒரே ஊக்குன்னு கட்டிக்கிட்டே இருக்கேன். மாப்பிள்ளையோட அக்கா, மேடையில பின்னாடி நிக்கணும், வீடியோவுல காலத்துக்கும் இருக்கும், அரைகுறையாப் போய் நிக்க முடியுமா? ஊக்கைக் குத்தினேன். கெட்டிமேளம் கேட்டுச்சு.

ஓடினேன் மேடம். செருப்பில்லாம ஓடினேன். ஆளுங்களை விலக்கிக்கிட்டு மேடைக்கிட்ட போய்ப் பாத்தா, ஐயர் கையைத் தூக்கி அட்சதை போடச் சொல்றார், பார்த்தி முதல் முடிச்சைப் போட்டுட்டு நிமிர்றான், லோசனிக்குப் பின்னாடி ஜடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரூபி நிக்கறா. குனிஞ்சு மிச்ச முடிச்சைப் போட்டுக்கிட்டு இருக்கா. நாத்தனார் எங்கேன்னு ஐயர் கேட்டிருக்கார். இவன் திரும்பிப் பாத்திருக்கான், நான் இல்லை. நேரம் நிக்குமா? "ரூபி, நீங்க போடுங்க"ன்னுட்டான். அந்தோணியார் கோயிலுக்குப் போற பொண்ணு, ஐயர் சொல்லச் சொல்லப் போட்டா. புறங்கையில சிவப்புப் பொட்டு அப்படியே இருக்கு.

எனக்கு ரூபி மேல ஒரு வருத்தமும் கிடையாது. என் தங்கச்சி மாதிரி. நாத்தனாருக்குன்னு பொண்ணு வீட்டுல எடுத்த மாம்பழக் கலர் பட்டை அவ கையிலயே குடுத்துட்டாங்க. "அக்கா, இது உங்களோடது"ன்னு ஓடி வந்தா. வச்சுக்கடின்னேன். எனக்கென்ன சேலைக்கா பஞ்சம்? ஆனா அந்த முடிச்சு என்னோடது மேடம். அதை எந்தக் கடையில போய் வாங்கறது?

பந்தியில பார்த்தியைப் பிடிச்சுக் கேட்டேன். இது ஒரு வியாதியாம், அவங்க தொழில்ல இதுக்குப் பேரே இருக்காம். பெரிய வேலை ஒரு சின்ன வேலைக்காகக் காத்திருக்குமாம். அந்தச் சின்ன வேலையை நடுவுல இருக்கற வேலை நகர விடாதாம். பெரிய வேலையை யாருமே தொட்டிருக்க மாட்டாங்க, ஆனா அது நின்னு போயிருக்குமாம். அதுக்கு மருந்து, சின்ன வேலை செய்யறவனுக்குப் பெரிய வேலையோட அந்தஸ்தைக் கொஞ்ச நேரம் கடன் குடுக்கறதுதானாம். சரிடா, அந்த நடுவுல இருக்கற வேலை யாருன்னு கேட்டேன். இலையில இருந்த சாம்பாரையே பாத்துக்கிட்டு இருந்தான். பொண்ணோட அம்மாவாத்தான் இருக்கும், சம்பந்தியாச்சேன்னு சொல்லாம விட்டான்.

நான் விடுவேனா? மடக்கிட்டேன். "கொஞ்ச நேரம் கடன்னு சொன்னேல்ல, மெஷின் கை மாறின உடனே அந்தச் சிவப்புப் பொட்டை உரிச்சிருக்கணுமா இல்லையா? ஏன் உரிக்கல? அது ஒட்டிக்கிட்டே மேடை வரைக்கும் போனதாலதானே அவளையே போடச் சொன்னே? உன் ரூல்ல நீயே கோட்டை விட்டே"ன்னேன். "ஆமாக்கா, அதை உரிச்சிருக்கணும்"னான். கண்ணெல்லாம் செவந்துபோச்சு அவனுக்கு. நான் சும்மா வம்புக்குத்தான் கேட்டேன். அவன் அப்படி ஆவான்னு நினைக்கல.

அதுலேர்ந்து நான் அளவாத்தான் பேசறேன். போன வாரம் போன் பண்ணி, "அக்கா, ஞாயித்துக்கிழமை வீட்டுல தாலி கோக்கறோம்"னான். இதுக்குப் பேரு கூப்பிடறதா? இது தகவல். வானிலை அறிக்கை வாசிக்கறவன் கூட இப்படித்தான் சொல்லுவான். "நீ வரணும்"னு ஒரு வார்த்தை வரல. ரூபியைக் கூப்பிட்டிருக்காங்க, காலையிலயே மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கிட்டு உள்ளே போயிட்டா. அதான் நான் தனியா நிக்கறேன். கல்யாணத்துலயே என்னை விட்டுட்டுப் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா? பண்ணட்டும். நல்லா இருக்கட்டும்.

கொலுசுச் சத்தம். இது நிஜமாவே யாரோ.

வா லோசனி. எதுக்கு நீ எழுந்து வந்தே, மணையில உக்காந்திருக்க வேண்டியவ? மஞ்சள் வேணுமா, குங்குமம் வேணுமா? எல்லாம் ஷெல்ஃப்ல இருக்கு, எடுத்துக்க. நான் கஸ்டமர் பாத்துக்கிட்டு இருக்கேன்.

கூப்பிடலேன்னு நான் யார்கிட்ட சொன்னேன்? ரூபியா சொன்னா? அவளுக்கு வாய் நீளம். ஆமா, கூப்பிடலதான். என்ன? சொந்த வீட்டுக்காரங்களை யாராவது கூப்பிடுவாங்களாவா? அடியே, இவ்வளவு பேசுவியா நீ! மேடம், பேசறா பாருங்க.

சரி சரி, நேரத்துக்குக் கோத்துருங்க. ஒன்பது மணிக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சுரும், இப்பவே தாண்டியிருக்கும். கோத்தாச்சா?

இல்லையா? ஏன்?

என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு. நேரம் போனாப் போகட்டும், எங்க அக்கா வந்துதான் கோக்கணும்னா? பார்த்தியா சொன்னான்? நேரம் தாண்டிருச்சுன்னு ஐயர் எழுந்ததுக்கு அப்புறமுமா? அவனா? ஒரு நிமிஷம் லேட்டானா ஊரையே ரெண்டாக்கறவன் மேடம் அவன். எல்லாரும் அங்க எனக்காகவா உக்காந்திருக்காங்க? எவ்வளவு நேரமா? அடப்பாவிகளா, நான் இங்க முல்தானி மட்டியைக் குழைச்சுக்கிட்டு நிக்கறேன்! ஒருத்தருக்கும் வாய் இல்லையா?

எனக்கு அழுகையா வருது லோசனி. நீ பாக்காதே. சந்தோஷத்துலதான்.

இதோ வரேன். ஒரு பத்து நிமிஷம் குடு, சேலையை மட்டும் மாத்திக்கறேன், பீரோவுல அந்தப் பச்சைப் பட்டு இருக்கு, தலையை ஒரு சீப்பு... என்ன? வேண்டாமா? இப்படியேவா? ஏப்ரன் பூரா முடி ஒட்டியிருக்குடி, கையெல்லாம் மண்ணு. வீடியோக்காரன் இருக்கானா? இருக்கானாம் மேடம். கையை விடுடி, இழுக்காதே.

சரி. கையை மட்டும் கழுவிக்கறேன்.

மேடம், குழாய் உங்களுக்கு வலது பக்கம் இருக்கு. காஞ்சதும் பச்சைத் தண்ணியில கழுவிட்டு நீங்களும் உள்ளே வாங்க, கேசரி பண்ணியிருக்காங்க. நான் போறேன்.